டிக்கட்டில் அச்சிட்ட விலை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமுள்ளவர்கள் முழுவதையும் வாசியுங்கள். வாசிக்காமலே கொமெண்ட் போடுகிறவர்கள் எப்படியும் போடத்தான் போகிறீர்கள், அதற்கு நாங்கள் என்ன செய்ய!

ஊரின் கிரிக்கட் வட்ஸ்அப் குறூப்பை நாங்கள் மூன்று ஆசிரியர்கள் நடத்தி வருகிறோம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பாடசாலை அணியில் ஆடிய பழைய மாணவர்களுக்காகத் தொடங்கியது. இப்போது கடை வைத்திருப்பவர், த்ரீவீல் ஓடுபவர், கட்டாரில் இருப்பவர் என்று எல்லோரும் இருக்கிறார்கள். பல்லேகலயில் ஒரு போட்டி என்றால் அந்தக் குறூப்பில்தான் பஸ் பேசப்படும், சாப்பாடு பேசப்படும், டிக்கட்டும் பேசப்படும். அந்த டிக்கட்டினால் எழுந்த ஒரு பிரச்சினையைத் தீர்க்க முடியாமல்தான் இதை எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். பெயர்கள் வேண்டாம். தெரிந்தவர்களும் கீழே எழுத வேண்டாம்.

பெரியவன் உயர்தரம் முடித்து ஒரு போன் கடையில் வேலை செய்கிறான். டிக்கட் விற்பனை இணையத்தில் திறந்த அன்று, தன்னுடைய போனிலும் நண்பனுடைய போனிலுமாக ஆறு டிக்கட் எடுத்துவிட்டான். அவனுக்குத் தேவைப்பட்டது இரண்டு. சின்னவன் அப்போதுதான் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தான். அதே நேரத்தில் அவனும் போனை வைத்துக்கொண்டு முயன்றிருக்கிறான். அவன் முறை வரும்போது அந்தப் பகுதி முடிந்திருந்தது. தன் வாப்பாவை ஒரு தடவையாவது மைதானத்துக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பது அவனுடைய ஆசை. வாப்பா ஸனத் ஜயசூரிய ஆடிய காலத்திலிருந்து ரேடியோவிலும் டீவியிலும் மட்டுமே பார்த்தவர். லீவு நாட்களில் ஒரு கடையில் சாமான் பொதி செய்து சேர்த்த காசு சின்னவனிடம் இருந்தது.

1,500 ரூபாய் டிக்கட். பெரியவன் அவனுக்கு 4,500க்கு இரண்டு கொடுத்தான். "கடைசி ரெண்டுதான் ஈக்கிது தம்பி, வேற ஆளும் கேக்குற" என்று சொல்லியிருக்கிறான். அனுப்பிய ஸ்கிரீன்ஷொட்டில் விலை இருந்த மூலை வெட்டப்பட்டிருந்தது.

போட்டி அன்று பக்கத்து ஆசனத்தில் குருநாகல் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். பேச்சோடு பேச்சாக அவர்கள் 1,500 என்று சொல்ல, வாப்பா மகனைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். "எங்களுக்கும் அதுதான்" என்று மகன் சொல்லியிருக்கிறான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பொதி செய்த காசு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று வீட்டில் அவருக்குத் தெரியும். மகன் தன்னிடம் சொன்ன பொய்யை விட, அந்தப் பொய்யை அவன் சொல்ல நேர்ந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. மறுநாள் மஃரிபுக்குப் பிறகு எங்களிடம் வந்தார். காசைக் கேட்டு வரவில்லை. "சேர், குறூப்ப நீங்கதானே நடத்துற?" என்று மட்டும் கேட்டார்.

பெரியவனைக் கூப்பிட்டோம். அவன் கோபப்படவில்லை, ஒளிக்கவுமில்லை. சிரித்துக்கொண்டே சொன்னான்: "சேர், நீங்கதானே வகுப்புல படிச்சித் தந்த, கேள்வி கூடி நிரம்பல் கூடாட்டி விலை கூடும் எண்டு. நான் யாரையும் கட்டாயப்படுத்தல்லயே. அவன் விருப்பத்தோட வாங்கின."

எங்களில் ஒருவர் பதினெட்டு வருடமாக உயர்தர வகுப்புக்குக் கேள்வியும் நிரம்பலும் படிப்பிக்கிறவர். அவருக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. மூன்று பேரும் வீடு போய் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் பெரியவன் பக்கம் உள்ள நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வியாபாரம் ஹலால். இலாபத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க்கத்தில் எல்லை வைக்கப்படவில்லை. மதீனாவில் விலைவாசி ஏறியபோது விலையை நிர்ணயித்துத் தாருங்கள் என்று மக்கள் கேட்டும், நபி (ஸல்) அவர்கள் அதைச் செய்ய மறுத்தார்கள் என்ற ஹதீஸை நாமெல்லோரும் குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். நம்மூர்க் கடைக்காரர்கள் யாருக்கும் அதை நினைவுபடுத்தத் தேவையே இல்லை, அதை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அதே நபியவர்கள் சந்தையில் தடுத்த காரியங்களும் இருக்கின்றன. வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடுவதற்காகக் கேட்பதைத் தடுத்தார்கள். சரக்குக் கொண்டு வரும் வணிகக் கூட்டத்தை, அது சந்தைக்கு வந்து விலை அறியுமுன் ஊருக்கு வெளியே போய் மறித்து வாங்குவதைத் தடுத்தார்கள். கையில் இல்லாததை விற்பதைத் தடுத்தார்கள். பதுக்கலைத் தடுத்தார்கள். இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விடயம் தெரிகிறது. விலையை அவர்கள் சந்தையிடம் விட்டார்கள், ஆனால் அந்தச் சந்தைக்குள் ஒருவன் மற்றவனுடைய கண்ணை மறைக்க விடவில்லை.

"வேற ஆளும் கேக்குற" என்று பெரியவன் சொன்னானே, அப்படி யார் கேட்டது என்று விசாரித்தோம். யாரும் கேட்கவில்லை. விலையிருந்த மூலையை ஏன் வெட்டினாய் என்று கேட்டோம். அதற்கும் பதில் இல்லை. 4,500 என்ற விலை சரியா பிழையா என்பதற்கு முன்னாலேயே இந்த இரண்டும் பிழை. விருப்பத்தோடு வாங்கினான் என்பதும் அங்கேயே பாதி உடைந்துவிடுகிறது. இல்லாத ஒருவனோடு போட்டி போட்டு வாங்கியவனின் விருப்பம் எப்படி முழு விருப்பமாகும்?

பதுக்கல் விடயத்தில் ஒரு நண்பர், ஓதியவர், எங்களைத் திருத்தினார். நமது ஷாஃபிஈ மத்ஹபில் பதுக்கலின் தடை உணவுப் பொருட்களோடு சம்பந்தப்பட்டது, கிரிக்கட் டிக்கட்டுக்கு அதைக் கொண்டு வராதீர்கள் என்றார். சரி. ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூ யூஸுஃப் அவர்கள், தடுத்து வைத்தால் மக்களுக்குக் கஷ்டம் தரும் எந்தப் பொருளையும் அதில் சேர்த்தார்கள் என்பதையும் அவரே சொன்னார். நாங்கள் ஆலிம்கள் இல்லை. ஃபத்வா கொடுக்க வரவுமில்லை. ஒரு போட்டியைப் பார்க்காமல் போவதால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். நாங்கள் பேசுவது ஹறாமா ஹலாலா என்பதைப் பற்றி அல்ல. ஒரே குறூப்பில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றி.

இனி அந்தக் கேள்வி, நிரம்பல் விடயத்துக்கு வருவோம். அதுதான் எங்களை உறுத்தியது.

மல்வானையிலிருந்து ரம்புட்டான் கொண்டு வந்து நம்மூர்ச் சந்தியில் விற்கிறவர் தோட்டத்து விலையை விடக் கூட்டித்தான் விற்கிறார். யாரும் குறை சொல்வதில்லை. லொறிக்கூலி கொடுத்தார், அழுகினால் நட்டம் அவருக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் வந்ததால் நம்மூரில் இல்லாத பழம் இருக்கிறது. விலை ஏறினால் அடுத்த கிழமை இன்னொருவர் இன்னொரு லொறியோடு வருவார். விலை ஏறுவதற்கு ஒரு பயன் இருக்கிறது என்று நாங்கள் வகுப்பில் சொல்வது இதைத்தான்.

டிக்கட்டில் இது எதுவும் நடப்பதில்லை. பெரியவன் 4,500க்கு விற்றாலும் 45,000க்கு விற்றாலும் பல்லேகலயில் ஒரு கதிரை கூடப் போவதில்லை. அவன் எதையும் எங்கிருந்தும் கொண்டு வரவில்லை. சின்னவன் எடுக்க முயன்ற அதே டிக்கட்டை, அதே நேரத்தில், இரண்டு போனால் எடுத்தான். நான்கு டிக்கட் அவனிடம் தேங்கி நின்றதால்தான் நம்ம குறூப்பில் தட்டுப்பாடு வந்தது. தான் உண்டாக்கிய தட்டுப்பாட்டுக்குத் தானே விலை வைத்தான். இதை நாங்கள் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வரவில்லை. வகுப்பில் வளைகோடு கீறும்போது நிரம்பலுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று இதுவரை கேட்டதில்லை. இனிக் கேட்போம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஏற்பாட்டாளர்களுக்கு 4,500 வைக்கத் தெரியாமலா 1,500 வைக்கிறார்கள்? கூட்டி வைத்தால் சில போட்டிகளுக்கு அதுவும் விற்கும். ஆனால் காசுள்ளவன் மட்டும் வரும் மைதானத்தில் சத்தம் இருக்காது. பப்பரே வாத்தியக் கோஷ்டி இருக்காது. வாப்பாவும் மகனும் வரமாட்டார்கள். குறைந்த விலைக்குக் கொடுத்து, முந்தி வருபவருக்கு முதலில் என்று வரிசை வைக்கும்போது, பணக்காரன் ஏழை என்றில்லாமல் அந்த வரிசையில் எல்லோரும் ஒன்று. அந்தச் சமத்துவம் ஏற்பாட்டாளர் ரசிகனுக்குக் கொடுத்த ஒரு சலுகை. மறுவிற்பனை செய்பவன் அந்தச் சலுகையைத்தான் எடுத்து விற்கிறான். அது அவனுடைய சரக்கல்ல.

இது நம்மூர்ப் பொடியன்மாரின் பிரச்சினை மட்டுமல்ல. கோல்ட்பிளே இசைக்குழுவின் மும்பை நிகழ்ச்சிக்கு 2024 செப்டெம்பர் 22ஆம் திகதி விற்பனை திறந்தபோது இணையத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் வரிசையில் நின்றார்கள். இந்திய ரூபாயில் 2,500 தொடங்கி 35,000 வரை விலை வைக்கப்பட்ட டிக்கட்டுகள், சற்று நேரத்தில் வேறு தளங்களில் இலட்சக் கணக்கில் கேட்கப்பட்டன. (இசை நிகழ்ச்சிக்குப் போகலாமா கூடாதா என்ற விவாதத்தை இந்தப் பதிவின் கீழ் தொடங்க வேண்டாம். போகிறவர்களும் வாங்கி விற்கிறார்கள், அவ்வளவுதான் இங்கே விடயம்.) நமது நாட்டில் எல்ல போகும் ரயிலை நினைத்துப் பாருங்கள். இணையத்தில் திறந்து ஒரு நிமிடம் ஆகுமுன் ஆசனங்கள் தீர்ந்து, பிறகு அவை பல மடங்கு விலைக்கு உல்லாசப் பயணிகளுக்கு விற்கப்படுவதாக 2025 தொடக்கத்தில் பெரிய சர்ச்சை எழுந்தது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்துச் சிலரைக் கைது செய்தது. அடையாள அட்டை இலக்கம் டிக்கட்டோடு பொருந்த வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. அன்றைக்கு அந்தச் செய்தியை நம்ம குறூப்பில் பகிர்ந்து "கள்ளன்மார்" என்று எழுதியவர்களில் பெரியவனும் ஒருவன். அவனைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. தூரத்தில் இருப்பவன் செய்தால் கள்ளன், நாம் செய்தால் கெட்டித்தனம். இது எல்லோருக்கும் உள்ள நோய்.

எங்களுக்கும் உண்டு. சொல்லித்தான் ஆக வேண்டும். சில வருடங்களுக்கு முன் எங்களில் ஒருவர், வர முடியாமல் போன நண்பனுடைய டிக்கட்டை மைதான வாசலில் ஒரு வெள்ளைக்காரருக்கு இரண்டு மடங்கு விலைக்கு விற்றார். நண்பனுக்கு அசல் விலையைக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் எல்லோருக்கும் கொத்து வாங்கிக் கொடுத்தார். அந்தக் கதையை ஆசிரியர் அறையில் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்போம்! கதவு திறந்துதான் இருந்தது. வெளியில் நின்ற பிள்ளைகளின் காதில் எது விழுந்திருக்கும், வகுப்பில் படிப்பித்ததா, அறையில் சிரித்ததா?

சரி, அப்படியென்றால் மறுவிற்பனையே வேண்டாம் என்று குறூப்பில் தடை போடலாம் என்றார் ஒருவர். அது இலகு. ஆனால் அதிலும் அநியாயம் இருக்கிறது. டிக்கட் எடுத்தவனுக்குக் காய்ச்சல் வரும். வீட்டில் ஜனாஸா நடக்கும். திடீரென்று கடையில் லீவு கொடுக்க மாட்டார்கள். அவனுடைய காசும் போய், கதிரையும் காலியாய்க் கிடப்பதில் யாருக்கு என்ன லாபம்?

த கியூர் என்ற ஆங்கில இசைக்குழு 2023இல் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தபோது இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தது. டிக்கட்டை வேறு ஆளுக்கு மாற்ற முடியாது, ஆனால் வர முடியாதவர் வாங்கிய அதே விலைக்கு இன்னொரு ரசிகருக்குக் கொடுக்க ஓர் இடம் இருக்கும் என்று வைத்தார்கள். நியூயோர்க், இலினோய், கொலராடோ ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டும் இதைச் செய்ய முடியவில்லை. வாங்கியவர் தன் டிக்கட்டை விரும்பியவருக்குக் கொடுக்கும் உரிமையை அங்குள்ள சட்டம் பாதுகாக்கிறது. அந்தச் சட்டமும் சும்மா வந்ததல்ல, காய்ச்சல்காரனை நினைத்துப் போட்டதும் அதுதான், கறுப்புச் சந்தைக்காரன் நுழைவதும் அதே வாசலால்தான். அயர்லாந்து 2021இல் வேறு வழியில் போனது. விற்கலாம், ஆனால் பெரிய நிகழ்ச்சிகளுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் விற்க முடியாது என்று சட்டம் போட்டது. எங்களுக்கு அது பிடித்தது. விற்பதைத் தடுக்காமல் கூட்டி விற்பதைத் தடுக்கிறது.

ஆனால் நம்ம குறூப்புக்குச் சட்டமும் பொலிஸும் தேவையில்லை. நூற்றுச் சொச்சம் பேர். ஒருவருடைய வாப்பாவை இன்னொருவருக்குத் தெரியும். தெரியாத ஊரில் தெரியாத ஆளிடம் கூட்டி வாங்கினால் காசு மட்டும்தான் போகும். இங்கே கூட்டி விற்றால் ஸலாம் போகிறது. பெரியவனும் சின்னவனும் ஒரே அணியில் ஆடியவர்கள். சின்னவனுக்கு முதன்முதலில் பேட் பிடிக்கக் காட்டிக் கொடுத்தவனே பெரியவன்தான். இப்போது ஜும்ஆவில் ஒருவன் முன் கதவால் வந்தால் மற்றவன் பின் கதவால் போகிறான்.

ஆகவே குறூப்பில் ஒரு விடயம் முடிவெடுத்திருக்கிறோம். வாங்கிய விலைக்கே கொடுக்க வேண்டும், இணையத்தில் கட்டிய சேவைக் கட்டணம் இருந்தால் அதையும் சேர்த்து. முழு ஸ்கிரீன்ஷொட் போட வேண்டும், மூலை வெட்டக் கூடாது. கையில் வராத டிக்கட்டுக்கு முற்பணம் வாங்கக் கூடாது. விடியற்காலையில் எழும்பிக் கண்டிக்குப் போய் வரிசையில் நின்று எடுத்தவர், பஸ் காசைக் கேட்டால் கொடுப்போம், அது நியாயம். "இரவெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்த கூலி" என்று ஒன்றைக் கேட்க முடியாது, கிடைக்காதவனும் அதே இரவுதான் விழித்திருந்தான்.

இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி என்பதையும் சொல்லிவிடுகிறோம். போட்டி அன்று காலையில் ஒருவர் வர முடியாமல் டிக்கட்டைப் போடுவார். உடனே "500க்குத் தாறீங்களா", "300க்கு எண்டா எடுக்கிறேன்" என்று கேட்பவர்களும் இதே குறூப்பில்தான் இருக்கிறார்கள். அவருக்கு வேறு வழியில்லை என்று தெரிந்து அமத்துகிறோம். அதுவும் பெரியவன் செய்ததன் மறுபக்கம்தான். அவராக விரும்பிக் குறைத்தால் வேறு, நாமாகக் கழுத்தைப் பிடித்தால் வேறு.

மழை பெய்தால் என்ன செய்வது என்று கட்டாரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. 2023 செப்டெம்பர் 2ஆம் திகதி ஆசியக் கிண்ணத்தில் இந்தியா பாகிஸ்தான் போட்டி பல்லேகலயில் மழையால் பாதியில் நின்றது நினைவிருக்கும். இந்தியா 266 எடுத்தது, பாகிஸ்தான் ஒரு பந்து கூட ஆடவில்லை. அப்படியான நாளில் ஏற்பாட்டாளர் காசைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தால், அது முதலில் வாங்கியவருடைய கணக்குக்குத்தான் போகும். மழையில் நனைந்தவர் இரண்டாவதாக வாங்கியவர். அந்தக் காசு அவருக்குச் சேர வேண்டும், கேட்கும் வரை காத்திருக்காமல். மூன்று மடங்கு விலைக்கு விற்றவன் அந்த நிலையில் என்ன செய்வான் என்று யோசித்துப் பாருங்கள். 1,500ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு 3,000ஐ வைத்துக்கொண்டு, மழைக்கும் இலாபம் எடுத்தவனாகிவிடுவான்.

காலி கோட்டை மதிலில் ஏறி நின்று டெஸ்ட் போட்டி பார்ப்பவனுக்கு இந்தத் தலையிடி எதுவும் இல்லை. டிக்கட்டும் இல்லை, விலையும் இல்லை. பல்லேகலயில் அப்படியொரு மதில் இல்லாதது நம்ம நஸீப்.

இந்த முடிவை ஏற்காதவர்கள் குறூப்பிலிருந்து போகலாம், கோபமில்லை. ஏற்கெனவே இரண்டு பேர் போய்விட்டார்கள். அவர்களில் பெரியவன் இல்லை. அவன் முந்தாநாள் பின்னேரம் ஆசிரியர் அறைக்கு வந்து, ஒரு என்வலப்பில் 6,000 ரூபாயை வைத்துவிட்டு, "அவன்ட்ட குடுங்க சேர், நான் தந்த எண்டு சொல்ல வாணாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சின்னவனைக் கூப்பிட்டுக் கொடுத்தோம். யார் தந்தது என்று கேட்டான். நாங்கள் பேசாமல் இருந்தோம். அவனுக்கு விளங்கிவிட்டது. "நானா வந்து வாப்பாக்கிட்ட தரட்டும் சேர், நான் எடுக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். என்வலப் இன்னும் எங்கள் லாச்சியில்தான் இருக்கிறது. பெரியவன் இந்தப் பதிவை வாசிப்பான் என்று தெரியும். அவர்களுடைய வீடு மத்ரஸாவுக்குப் பின்னால், இஷாவுக்குப் பிறகு வாப்பா வீட்டில்தான் இருப்பார்.